கமெனாவின் கடிகாரத்தில் கை வைத்தவர்கள்

ஏணியில் பாதி ஏறிவிட்டேன். இடுப்பில் கருவிப்பை, தோளில் கேபிள் சுருள். கீழே பார்த்தால், அறுபதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா ஏணியின் இரண்டு கால்களையும் கட்டிப் பிடித்துக்கொண்டு, "மாஃபி! மாஃபி!" என்று கத்துகிறார்.

வளைகுடாவுக்கு வந்த எவருக்கும் முதல் வாரத்திலேயே நாக்கில் ஒட்டிக்கொள்ளும் அரபிச் சொல் அது. இல்லை, கிடையாது, முடியாது, கூடாது எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். அந்தம்மா அதை எல்லா அர்த்தத்திலும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மேடம், கையை எடுங்க. டைம் தப்பு. நான் சரி பண்ணணும்" என்றேன் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

"டைம் சரி! நீ தப்பு! இறங்கு!"

இந்தத் தொடரை விடாமல் வாசிப்பவர்களுக்குத் தெரியும், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இன்றுதான் கையில் எடுக்கிறீர்கள் என்றால் சொல்லிவிடுகிறேன்: நான் கிளீட்டஸ், குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரன், பிழைப்புக்கு எலக்ட்ரீஷியன். என்னிடம் வந்து என் லைனைத் தொடாதே என்று யார் சொன்னாலும் ஆகாது.

"லேய் முருகேசா, என்னல பாத்துட்டு நிக்கிய? அவிய கையப் புடிச்சு மாத்துல" என்று கத்தினேன்.

முருகேசன் எங்கள் கம்பெனியின் பெயின்டர், பரமக்குடிக்காரன், என் அறைத் தோழன். தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு நிதானமாகப் பதில் சொன்னான். "பொம்பளை கையப் புடிக்கவாண்ணே? என்னைய செயிலுக்கு அனுப்பிட்டு ரூம்ல ஒத்தையாப் படுக்கலாம்னு பாக்குறியளா? எறங்கி வாங்கண்ணே. அந்தம்மா ஏணியோட உங்களச் சாச்சுப்புடும்."

இறங்கினேன். வேறு வழி?

பொழுது சாய்ந்தால் பன்னிரண்டு

ஷார்ஜாவிலிருந்து பாலைவனப் பக்கம் போனால், குளிர்காலம் முழுக்க ஒரு பெரிய சந்தை நடக்கும். நாட்டுக்கு ஒரு கூடம். மரச்சட்டமும் பிளைவுட்டுமாக மாளிகை, கோட்டை, கோபுரம் எல்லாம் எழுப்பி, குளிர் முடிந்ததும் பிரித்துப் போடுவார்கள். எழுப்புவதும் பிரிப்பதும் எங்களைப் போன்ற கம்பெனிகளின் வேலை.

யூகோஸ்லாவியா என்று நம் பள்ளிக்கூட உலகப்படத்தில் ஒரு நாடு இருந்ததே, அது உடைந்த துண்டுகளில் ஒன்றில், மலைகளுக்கு நடுவே கமெனா என்று ஒரு சிற்றூர். அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு கூடம் கிடைத்திருந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்தவர் டாமிர். ஏணியைப் பிடித்த அம்மா அவருடைய அண்ணி, பெயர் யாஸ்னா. செம்பில் செய்த காபிக் கெண்டிகள் விற்பவர்.

வாசலில் தங்கள் ஊர் மணிக்கூண்டு நிற்க வேண்டும் என்று யாஸ்னா அம்மா ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார். இடம் போதாது என்று டாமிர் மறுத்தபோது, தன் கடையில் பாதியை விட்டுக்கொடுத்து அந்த இடத்தில் கூண்டை எழுப்பச் செய்திருக்கிறார். முருகேசன் அதில் கல்லைக் கல்லாக வரைந்தான். தொட்டுப் பார்த்தால்தான் பலகை என்று தெரியும். கடிகாரமும் மணியும் என் பொறுப்பு. ஃபோர்மேன் இல்லாமல் நானே தலைமை தாங்கிச் செய்த முதல் வேலை அது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சந்தைக் கட்டடத்தில் உயரத்தில் இருப்பதற்கெல்லாம் விளக்கு லைனிலேயே கரண்ட் கொடுத்துவிடுவோம். கேபிள் மிச்சம், அலைச்சல் மிச்சம். கைப்பழக்கத்தில் கடிகாரத்தையும் அதே லைனில் கோர்த்துவிட்டேன்.

விளக்கு லைனோ போட்டோசெல்லில் ஓடுவது. போட்டோசெல் என்பது இருட்டினால் தானாக விளக்கை ஏற்றும் ஒரு சின்னக் கண். ஆகவே பகலெல்லாம் என் கடிகாரத்துக்குக் கரண்ட் இல்லை. பொழுது சாயும்போதுதான் அதற்கு உயிர் வரும். உள்ளே பேட்டரி இல்லாத மலிவான கடிகாரம் கரண்ட் வந்ததும் என்ன செய்யும்? உங்கள் வீட்டு மைக்ரோவேவைக் கேளுங்கள். பன்னிரண்டிலிருந்து தொடங்கும்.

திறப்பு நாளன்று அதுதான் நடந்தது. விளக்குகள் எரிந்தன, முள் இரண்டும் சுற்றி வந்து உச்சியில் ஒன்று சேர்ந்தன, மணி பன்னிரண்டு அடித்தது. மாலை வெயில் முழுதாக இறங்கக்கூட இல்லை. கூட்டம் சிரித்தது. டாமிர் என்னைத் தனியே கூப்பிட்டார். வளைகுடாவில் எந்தத் தொழிலாளியும் எல்லோருக்கும் 'பாய்'தான். "பாய், நாளைக்குள் சரியாகவில்லை என்றால் கூண்டைப் பிரி. அங்கே ஜூஸ் கவுண்டர் போடுகிறேன்" என்றார். ஜூஸ் பிழியும் மெஷினை ஏற்கெனவே வாங்கிப் பின்னால் வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதைச் சரி செய்யத்தான் ஏணி ஏறினேன்.

"யாருடைய நேரம்?"

இறங்கியவனை அந்தம்மா கடைக்குள் உட்காரவைத்து, கையகலக் கெண்டியில் காபி வைத்தார். கரியும் கசப்புமாக, அடியில் வண்டலோடு ஒரு காபி. பாதி இங்கிலீஷ், கொஞ்சம் ஹிந்தி, மீதி கையசைவு. அப்படித்தான் கமெனாவின் சரித்திரம் எனக்குக் கிடைத்தது.

அந்த மணிக்கூண்டைக் கட்டியது துருக்கி சுல்தானின் ஆட்சியில். அப்போது பொழுது சாயும் நேரம்தான் பன்னிரண்டு. அங்கிருந்துதான் அடுத்த நாள் தொடங்கும். சூரியன் தினமும் ஒரே நேரத்தில் சாயாது அல்லவா? அதனால் கூண்டுக்கென்று ஒரு ஆள். பள்ளிவாசலில் மஃரிப் என்ற அந்தித் தொழுகைக்கான பாங்கு முடியும்வரை காத்திருந்து, அவர் முள்ளைப் பன்னிரண்டில் திருப்பி வைத்து மணியடிப்பார்.

பிறகு ஆஸ்திரிய சக்கரவர்த்தியின் ஆட்கள் வந்தார்கள். ரயில் பாதை போட்டார்கள். ரயிலுக்கு ஏற்ற நேரம் வேண்டும் என்று கூண்டில் ஏறி முள்ளைத் திருப்பினார்கள். ஊர் வாய் திறக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து கமெனாவில் மணி என்ன என்று கேட்டால், "யாருடைய நேரம்? நம்முடையதா, அவர்களுடையதா?" என்று திருப்பிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. கல்யாணத்துக்கு நம் நேரம், ரயிலுக்கு அவர்கள் நேரம்.

"அப்புறம் ஒரு ராஜா வந்தார். நேரத்தை மாற்றவில்லை. கடிகார முகத்தில் கிரீடம் வரைந்தார்" என்றார் யாஸ்னா அம்மா.

"அவ்வளவுதானா?"

"அதுவே பெரிய கிரீடம், பாய். எண்கள் தெரியவில்லை."

அப்புறம் யுத்தம். பிடிக்க வந்த பட்டாளம் முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. யுத்தம் முடிந்து சிவப்புக்கொடிக்காரர்கள் வந்தார்கள். கிரீடத்தை அழித்தார்கள், உச்சியில் நட்சத்திரம் நட்டார்கள், மணியை நிறுத்திவிட்டுக் காலுறை ஆலையின் சங்கை ஊதச் செய்தார்கள். யாஸ்னா அம்மா அந்தச் சங்குக்கு எழுந்து பள்ளிக்கூடம் போனவர். நாடு உடைந்த சண்டையில் ஒரு குண்டு கூண்டில் பட்டு, கடிகாரம் நின்றது.

"ஒவ்வொருத்தன் வந்ததும் முதல் வேலையாகக் கடிகாரத்தில்தான் கை வைத்தான்" என்று சொல்லிவிட்டு, கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. துபாய் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் ஒரே கட்டிலில் படுத்தபடி மூன்று கம்பெனி பார்த்தவன் நான். கம்பெனி கைமாறும், மறுநாள் காலையில் சட்டையின் நிறம் மாறும், பஸ்ஸின் பெயர் மாறும், டியூட்டி நேரம் மாறும். கட்டிலும் மூட்டைப்பூச்சியும் மாறாது. பழைய சட்டையை முருகேசன் தூரிகை துடைக்க எடுத்துக்கொள்வான். கமெனாவின் வரலாற்றை எனக்கு விளக்கவே தேவையில்லை.

"இப்போது ஏன் ஓடவில்லை? சண்டை முடிந்துவிட்டதே" என்று கேட்டேன்.

"எந்த நேரத்தில் ஓட்டுவது?" என்றார். "பள்ளிவாசல் பக்கத்துக்காரர்களுக்குச் சுல்தான் நேரம் வேண்டும். ஸ்டேஷன் பக்கத்துக்காரர்களுக்கு ரயில் நேரம் வேண்டும். நகரசபையில் இன்றும் அடிதடி. எங்கள் மணி அடித்து நான் கேட்டதே இல்லை, பாய். நான் பிறக்கும் முன்பே நிறுத்திவிட்டார்கள். நேற்று, இங்கே, உன் கூண்டில்தான் முதல் தடவை கேட்டேன். பொழுது சாய்ந்தது, பன்னிரண்டு அடித்தது. அதைத் தொடுவாயா நீ?"

அந்தம்மாவின் கண் நிறைந்துவிட்டது. நானும் என் கோப்பையைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து வெளியே விளக்குகள் எரிந்தன. மணி அடிக்கத் தொடங்கியது. அதே கணத்தில் சந்தைப் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கும் தொடங்கியது.

நான் வெளியே ஓடினேன்.

அபு சாலிமின் தீர்ப்பு

இந்த ஊரில் பாங்கு சொல்லும்போது பாட்டு, மேளம் எதுவும் கூடாது. கடைக்காரர்கள் தாங்களாகவே ஒலிபெருக்கியை அணைத்துவிடுவார்கள். என் மணியோ பாங்கின் மேலேயே பன்னிரண்டையும் அடித்துத் தீர்த்தது.

மறுநாள் சந்தை திறக்கும் முன்பே நிர்வாகத்துப் பெரியவர் வந்துவிட்டார். இந்நாட்டுக்காரர். சாலிமின் தகப்பனார் என்ற பொருளில் எல்லோரும் அபு சாலிம் என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைக் கந்தூரா அங்கி, கையில் மணிமாலை, எங்களிடம் ஹிந்தியில் பேசுவார்.

"கடிகாரம் தப்பு. அது உங்கள் பாடு. பாங்கில் மணி? அது என் பாடு" என்றார். "இன்று மாலை நானே வருவேன். பாங்கு நேரத்தில் மணி கேட்டால் கூண்டு கலாஸ், காலி."

டாமிர் பணிவாகத் தலையாட்டினார். ஜூஸ் மெஷினின் அட்டைப்பெட்டியை அப்போதே பிரிக்கச் சொல்லிவிட்டார். அந்தச் சுறுசுறுப்புதான் எனக்கு ரோஷத்தைக் கிளப்பியது. முந்தைய நாள்வரை கூண்டைச் சரி செய்வது எனக்கு டியூட்டி. இப்போது அது என் சொந்தச் சண்டை.

"முருகேசா, மணி அடிக்கணும். ஆனா பாங்கு முடிஞ்சப்பறம் அடிக்கணும், கேட்டியா?"

"அதுக்கு டைமரு போட்டா முடிஞ்சுதுல்ல?"

"டைமரு போட்டா அது டாமிருக்க நேரம் ஆயிரும்லா. அந்தம்மைக்குப் பொழுது சாயுத நேரம்லா வேணும்."

யோசித்துப் பார்த்ததில் விஷயம் கையகலம்தான். போட்டோசெல்லைக் கூரை விளிம்பின் அடியில், நிழலில் பொருத்தியிருந்தேன். நிழலில் இருப்பதால் அதற்குச் சீக்கிரம் இருட்டிவிடுகிறது. அதையே மேற்குப் பார்த்து, வெட்டவெளியில் வைத்தால்? சூரியன் இறங்கிய பிறகும் வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் நிற்கும். அதுவும் மங்கிய பிறகுதான் கண் விழிக்கும். அதற்குள் பாங்கு முடிந்துவிடும்.

மறுபடி ஏணி. இந்தத் தடவையும் யாஸ்னா அம்மா ஏணியைப் பிடித்தார், நான் விழாமல் இருக்க.

மாலை வந்தது. அபு சாலிம் ஒரு நாற்காலியைப் போட்டுக் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். டாமிர் ஜூஸ் மெஷினில் கை வைத்தபடி நின்றார். பாங்கு தொடங்கியது. முருகேசன் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான்.

பாங்கு முடிந்தது. மணி ஒலிக்கவில்லை. முதல் வெற்றி.

வானம் மங்கியது. சந்தை முழுக்க விளக்குகள் எரிந்தன. எங்கள் கூண்டு மட்டும் இருட்டில் நின்றது. முள் அசையவில்லை. டாமிரின் முகத்தில் ஒரு சிரிப்பு பரவுவதைப் பார்த்தேன்.

"அண்ணே, மேக்க பாருங்கண்ணே" என்றான் முருகேசன்.

மேற்கே அடுத்த கூடம் துருக்கியினுடையது. அதன் உச்சியில் தங்க நிறப் பல்புகளால் ஒரு பெரிய பலகை. அப்போதுதான் ஏற்றியிருந்தார்கள். அதன் வெளிச்சம் நேராக என் போட்டோசெல்லின் கண்ணில் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சம் இருக்கும்வரை என் கடிகாரத்துக்குப் பட்டப்பகல்.

நான் விளக்கி முடிக்கவில்லை. யாஸ்னா அம்மா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். துருக்கி வாசலில் நீளக் கம்பியில் ஐஸ்கிரீமைச் சுழற்றி வித்தை காட்டிக்கொண்டிருந்தவர், சிவப்புத் தொப்பியோடு திகைத்து நின்றார். அந்தம்மா அவரிடம் கத்தியது, எங்கோ கற்றுவைத்த துருக்கி மொழியில். கூட்டத்தில் இருந்த துருக்கிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"சுல்தான் எங்கள் ஊரை விட்டுப் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் எங்கள் கடிகாரத்தை விடமாட்டீர்களா? அணை அந்தப் பலகையை!"

அவர் அணைத்தார். ஐஸ்கிரீம் கம்பியை ஒரு கையில் பிடித்தபடியே, மறு கையால் சுவிட்சைத் தட்டினார்.

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கூண்டின் விளக்குகள் கீழிருந்து மேலாக எரிந்தன. முள் இரண்டும் சுற்றி வந்து உச்சியில் நின்றன. மணி அடித்தது. கூட்டம் சேர்ந்து எண்ணத் தொடங்கிவிட்டது, ஆளுக்கொரு மொழியில். பன்னிரண்டாவது மணிக்கு முருகேசன் விசிலடித்தான்.

அபு சாலிம் எழுந்திருக்கவில்லை. யாஸ்னா அம்மாவைக் கூப்பிட்டு, "உங்கள் ஊரில் பொழுது சாய்ந்தால் பன்னிரண்டா?" என்று கேட்டார்.

"சுல்தான் காலத்தில். பாங்கு முடிந்த பிறகு."

பெரியவர் மணிமாலையைப் பைக்குள் போட்டார். "என் அப்பா கடை வைத்திருந்தார். தினமும் மஃரிப் தொழுதுவிட்டு வந்து, கைக்கடிகாரத்தைப் பன்னிரண்டுக்குத் திருப்புவார். ஊருக்கு விமான நிலையம் வந்ததும், அதன் நேரத்துக்கு இன்னொரு கடிகாரம் வாங்கினார். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று. மணி கேட்டால், எந்தக் கை என்று கேட்பார்." அவர் குரல் இளகிவிட்டது. "இந்தக் கடிகாரம் தப்பில்லை. யாரும் இதைத் தொடக் கூடாது."

டாமிரைத் திரும்பிப் பார்த்தேன். நான் அவ்வளவு பெருந்தன்மைக்காரன் இல்லை. அவர் முகத்தை நன்றாக, ஆசை தீரப் பார்த்தேன்.

பனியில் ஒரு மணி

அந்தச் சீசன் முழுக்கத் தினமும் மாலையில் எங்கள் கூண்டின் முன்னால் கூட்டம் கூடியது. ஐஸ்கிரீம்காரர் பாங்கு முடிந்ததும் தானாகவே பலகையை அணைத்து, மணி அடித்து, போட்டோசெல்லின் கண்ணுக்கு மூடி போட்ட பிறகு ஏற்றினார். செம்புக் கெண்டிகள் தீர்ந்து மறுபடி வரவழைக்க வேண்டியிருந்தது. ஜூஸ் மெஷின் ஒரு பழம்கூடப் பிழியாமல் மறுபடி பெட்டிக்குள் ஏறிக் கமெனாவுக்குப் போனது.

கிளம்பும் முன் யாஸ்னா அம்மா என்னிடம் ஒரு போட்டோசெல் கேட்டார். ஷார்ஜாவில் நான் வழக்கமாக வாங்கும் கடையில் புதிதாக ஒன்று வாங்கி, பகலிலும் கடிகாரம் ஓடும்படி, அந்தியில் ஒரு கணம் மட்டும் கரண்டை வெட்டிவிடும் ரிலே என்ற தானியங்கி சுவிட்சோடு சேர்த்துக் கொடுத்தேன். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. எனக்குப் புரியாமலும் இல்லை.

அடுத்த குளிர்காலம். ஷார்ஜா முவைலாவில் எங்கள் அறை. முருகேசன் மீன்குழம்பு வைத்துக்கொண்டிருந்தான். அவன் வைத்தது எங்கள் ஊர்க் குழம்பின் ருசிக்கு எட்டாது, அதை நானும் அவனிடம் சொல்லத் தவறுவதில்லை. அப்போது வீடியோ கால் வந்தது. யாஸ்னா அம்மா. தலையில் கம்பளித் தொப்பி, பின்னால் பனி கொட்டுகிறது.

"பாய், பார்!" என்று போனைத் திருப்பினார்.

மணிக்கூண்டு. நிஜமானது, கல்லால் ஆனது. முருகேசன் வரைந்த கல் இதைவிட அழகு என்று இப்போதும் சொல்வேன். கீழே ஊரே கூடியிருந்தது. சந்தையில் எடுத்த வீடியோ அங்கே வீடு வீடாகப் போயிருக்கிறது. சுல்தான் நேரமா, ரயில் நேரமா என்று அடித்துக்கொண்ட நகரசபை கடைசியில் கரண்டில் ஓடும் புதுக் கடிகாரத்துக்கும் என் போட்டோசெல்லுக்கும் ஒத்துப்போயிருக்கிறது. இது எந்த ராஜாவும் சொன்ன நேரம் இல்லை, இருட்டுகிறது, அடிக்கிறது, இதில் யாருக்கும் தோல்வியில்லை என்று இரண்டு பக்கமும் கை தூக்கியிருக்கிறார்கள். முதல் நாள், கரண்ட் போனாலும் நேரம் மாறாதபடி உள்ளே பேட்டரி மாட்ட ஒரு இன்ஜினியர் வந்தாராம். யாஸ்னா அம்மா ஏணியைப் பிடித்து அவரை இறக்கிவிட்டாராம்.

போனில் பாங்கின் கடைசி வரி கேட்டது. பிறகு அமைதி. பனி விழும் சத்தம்கூட இல்லாத அமைதி. முருகேசன் அடுப்பை அணைத்துவிட்டு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

அடித்தது. கனத்த, பழைய, நிஜ மணி. ஒவ்வொரு அடிக்கும் கூட்டம் எண்ணியது. யாஸ்னா அம்மாவும் சேர்ந்து எண்ணினார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. துடைக்கவில்லை.

பன்னிரண்டு முடிந்ததும் கூட்டத்தில் ஒரு கிழவர் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டி ஏதோ கத்தினார். ஊரே சிரித்தது.

"என்ன கேட்கிறார்?" என்றேன்.

"வேறென்ன? யாருடைய நேரம் என்கிறார்."

"என்ன சொல்லப் போறீங்க?"

அந்தம்மா போனைக் கூட்டத்தின் பக்கம் உயர்த்திப் பிடித்தார். திரையில் என் முகம், முவைலா அறையின் டியூப்லைட் வெளிச்சத்தில், பனியனோடு. யாஸ்னா அம்மா உரக்க ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அந்த மொழியில் எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை.

"கிளீட்டஸ்!"

ஊர் முழுக்கக் கைதட்டியது. சுல்தான், சக்கரவர்த்தி, ராஜா, பட்டாளம், சிவப்புக்கொடி எல்லோருக்கும் பிறகு, கமெனாவின் கடிகாரத்தில் கை வைத்தவன் குளச்சல்காரன். முருகேசன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"ராசா, சோறு ஆறுது. வந்து சாப்புடுறது" என்றான்.